பாய்ச்சலுக்கு முந்தைய நொடி

கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஓர் ஏரிக்கு மேல் ஐந்து மீட்டர் உயரத்தில், சிறகடித்தபடி ஒரே இடத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலகு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. நீருக்குள் விரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு. பறவை சிறகை ஒடுக்கிக்கொண்டு விழுகிறது. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஐந்து மீட்டரைக் கடந்து நீரைத் தொட அதற்கு ஏறத்தாழ 1 வினாடி ஆகும். தொடும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 10 மீட்டர். பள்ளியில் படித்த வீழ்ச்சிச் சமன்பாடே இந்த இரண்டு எண்களையும் தந்துவிடும். காட்டுப் பறவைகள் இரை பிடிப்பதைப் படமெடுப்பதில் உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு எண்களிலிருந்தே பிறக்கின்றன.

ஒரு வினாடியின் கணக்கு

முதல் சிக்கல் ஷட்டர் வேகம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் விழும் பறவை, 1/1000 வினாடியில் 1 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அந்த ஒரு சென்டிமீட்டரும் படத்தில் மங்கலாகப் பதியும். அலகின் நுனியோ கண்ணின் ஒளிப்புள்ளியோ தனித்துத் தெரியாது. ஷட்டரை 1/4000 வினாடிக்குக் கொண்டுபோனால் மங்கல் 2.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஆனால் சென்சாருக்குள் வரும் ஒளியும் நான்கில் ஒரு பங்காகக் குறையும். மீன்கொத்திகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலை நேரத்தில் வெளிச்சமே குறைவு. அதை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறனைக் கூட்டினால் படத்தில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் ஏறும்.

இரண்டாவது சிக்கல் லென்ஸ். 600 மில்லிமீட்டர் லென்ஸை முழு அளவு சென்சார் கொண்ட கேமராவில் பொருத்தி 20 மீட்டர் தொலைவில் உள்ள பறவையைப் பார்த்தால், சட்டகத்துக்குள் அடங்கும் பரப்பு 1.2 மீட்டர் அகலம், 0.8 மீட்டர் உயரம். துளையை எஃப்/4 வரை திறந்து வைத்தால், கூர்மையாகப் பதியும் ஆழம் கால் மீட்டரைச் சற்றே தாண்டும். ஆக, ஐந்து மீட்டர் விழும் பறவையை ஒரு மீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள சட்டகத்துக்குள், கால் மீட்டர் ஆழத்துக்குள் பிடித்தாக வேண்டும். நீர்மட்டத்தைக் குறிவைத்துக் காத்திருந்தால், முழு வேகத்தில் வரும் பறவை அந்தச் சட்டகத்தைக் கடக்க 0.08 வினாடிதான் எடுக்கும்.

மூன்றாவது சிக்கல் நம் உடம்பு. கண் கண்டதை மூளை உணர்ந்து விரலுக்குக் கட்டளையிட ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். பறவை தன் பாய்ச்சலின் கடைசி 0.2 வினாடியில் 1.8 மீட்டர் இறங்கியிருக்கும். அலகு நீரைத் தொடப்போகிறது என்று பார்த்த பிறகு பொத்தானை அழுத்துபவருக்குக் கிடைப்பது நீர்த்திவலைகள் மட்டுமே.

தொடர்ச்சியாகப் படங்களைச் சுட்டுத் தள்ளினால் ஏதாவதொன்றில் சிக்காதா என்று தோன்றும். வினாடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 0.05 வினாடி இடைவெளி. அதற்குள் நம் மீன்கொத்தி அரை மீட்டர் கடந்துவிடும். ஒரு படத்தில் அது நீருக்குச் சற்று மேலே இருக்கும். அடுத்த படத்தில் நீருக்குள் போயிருக்கும். எல்லோரும் எதிர்பார்க்கும் அந்தத் தருணம், அலகின் நுனி நீரைத் தொடும் தருணம், இரண்டு படங்களுக்கும் நடுவே நழுவிவிடும்.

இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே முடிவுக்கு நம்மைக் கொண்டுவருகின்றன. வேட்டையைக் கண்ட பிறகு வேட்டையைப் படமெடுக்க முடியாது. பறவை என்ன செய்யப்போகிறது என்பதை அது செய்வதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். அப்படி அறிவதற்கு அந்தப் பறவையின் கண், கழுத்து, சிறகு, அதன் இரை, அன்றைய காற்று எல்லாவற்றையும் படித்தாக வேண்டும். நல்ல வேட்டைப் படம் ஒன்றின் பின்னால் எப்போதும் பறவையியல் இருக்கிறது.

பறவையும் கணிக்கிறது

ஒளிப்படக் கலைஞருக்கு முன்பே அந்தச் சிக்கலைப் பறவை சந்தித்திருக்கிறது. ஓடும் மீனை, தாவும் தும்பியை, புல்லுக்குள் ஓடும் எலியை அது எட்டும்போது இரை வேறிடத்துக்குப் போயிருக்கும். அதனால் பறவையும் முன்கூட்டியே கணித்தாக வேண்டும்.

நீருக்குள் இருக்கும் இரை என்றால் கணக்கு மேலும் கடினமாகிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேர் மேலிருந்து பார்த்தால் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள மீன் 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே தோன்றும். கொக்கோ கரையில் நின்று சாய்வாகத்தான் பார்க்கிறது. தெரியும் இடத்தில் கொத்தினால் ஒவ்வொரு முறையும் தவறும். ஆனாலும் அது பிடிக்கிறது.

இது எப்படி என்பதை இஸ்ரேலைச் சேர்ந்த காடி காட்சிர், நாதன் இன்ட்ரேட்டர் இருவரும் கடற்கரைகளில் வாழும் ஒரு கொக்கு வகையைப் படமெடுத்து ஆராய்ந்தார்கள். 1987இல் வெளியான அவர்களுடைய ஆய்வின்படி, கொத்தலுக்கு இரண்டு கட்டங்கள் உண்டு. முதலில் தலை மெதுவாக நகர்கிறது. பிறகு திடீரென்று வேகம் கூடிக் கழுத்து பாய்கிறது. அந்த மெதுவான கட்டத்தில் கொக்கு தன் தலையை ஒரு குறிப்பிட்ட நிலைக்குக் கொண்டுவருகிறது. மீனின் தோற்ற ஆழத்துக்கும் உண்மை ஆழத்துக்கும் அந்த நிலையில் ஒழுங்கான ஓர் உறவு இருக்கிறது. ஒளி விலகுவதால் வரும் பிழையைச் சரிசெய்த பிறகே அது பாய்கிறது.

ஆய்வாளருக்கு முடிவாக அமைந்த இது ஒளிப்படக் கலைஞருக்குத் தொடக்கம். மடையோரத்தில் அசையாமல் நிற்கும் கொக்கின் தலை மெதுவாக முன்னே நகரத் தொடங்கினால், வேகக் கட்டம் நெருங்கிவிட்டது என்று பொருள். விரல் பொத்தானில் இருக்க வேண்டிய நேரம் அதுதான்.

நீரின் பளபளப்பும் பறவைக்கு இடைஞ்சல். பெரிய நீல நாரை வட அமெரிக்காவில் வேட்டையாடும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பதை ஜான் கிரெப்ஸ், பிரையன் பார்ட்ரிட்ஜ் இருவரும் 1973இல் விளக்கினார்கள். கண்ணாடிபோல் கூசும் ஒளியைத் தவிர்க்க அது செய்யும் வேலை அது. லென்ஸின் முன்னால் நாம் திருகும் போலரைசர் வடிகட்டியும் நீரின் பளபளப்பைக் குறைக்கத்தான். வடிகட்டி ஒளியை விழுங்கிக்கொள்ளும். தலையைச் சாய்க்கும் நாரைக்கு அந்த இழப்பு இல்லை.

காற்றில் நிற்கும் பறவையின் தலையையும் கவனிக்க வேண்டும். கெஸ்ட்ரல் என்னும் சிறு வல்லூறு காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் நிற்கும்போது உடலும் வாலும் சிறகும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். தலை மட்டும் சுமார் 6 மில்லிமீட்டர் எல்லைக்குள் நின்றுவிடும் என்று 1980களில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு அளந்து காட்டியது. கண் அசைந்தால் தரையில் ஓடும் எலியின் அசைவு அதில் கரைந்துபோகும். அந்தத் தலையின் நிலைத்தன்மை ஒளிப்படக் கலைஞருக்குப் பேருதவி. சிறகின் நுனி மங்கினாலும் கண்ணைக் கூர்மையாகப் பதிய வைக்க முடிகிறது.

கண்ணின் உள்ளமைப்பும் பறவையின் பாதையைத் தீர்மானிக்கிறது. நம் விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் குழி ஒன்றுதான். மீன்கொத்திகளுக்கும் வல்லூறுகளுக்கும் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு. வல்லூறின் ஆழமான குழி, நேர் எதிரே பார்க்காமல் ஏறத்தாழ 45 பாகை பக்கவாட்டில் பார்க்கிறது. தொலைவில் உள்ள இரையைக் கூர்மையாகப் பார்க்கத் தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். திருப்பினால் காற்றின் தடை கூடி வேகம் குறையும். தலையை நேராக வைத்தபடி வளைந்த சுருள் பாதையில் வந்தால், இரை எப்போதும் பக்கவாட்டுப் பார்வையிலேயே இருக்கும், வேகமும் குறையாது. வான்ஸ் டக்கர் 2000ஆம் ஆண்டில் இதை விளக்கினார். வல்லூறு நேர்கோட்டில் வரும் என்று நினைத்துக் கேமராவைத் திருப்புபவர் அதைத் தவறவிடுவது இதனால்தான்.

துப்பாக்கி வடிவக் கேமராவிலிருந்து

பறவையின் அசைவை நிறுத்திப் பார்க்கும் ஆசை அறிவியலிலிருந்தே தொடங்கியது. பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ஜூல் மரே 1882இல் துப்பாக்கி வடிவில் ஒரு கேமராவைச் செய்தார். விசையை இழுத்தால் சுழலும் தட்டில் வினாடிக்கு 12 படங்கள் விழும். ஒவ்வொன்றுக்கும் ஒளி விழும் நேரம் 1/720 வினாடி. பறக்கும் பறவையின் சிறகு எந்தெந்த நிலைகளைக் கடக்கிறது என்று அறிவதே அவர் நோக்கம். பறவையைக் கொல்லாமல் குறிவைக்கும் கருவி ஒன்று உலகில் இருப்பதை அவருடைய கேமரா காட்டியது.

1930களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹெரால்டு எட்ஜெர்டன் மின்னல் வேக ஒளிவிளக்குகளைக் கொண்டு கண் காணாத அசைவுகளைப் பதிவுசெய்தார். 1970களில் இங்கிலாந்தின் ஸ்டீபன் டால்டன் 1/25,000 வினாடி மட்டுமே ஒளிரும் ஃபிளாஷைப் பயன்படுத்திப் பறக்கும் பூச்சிகளைப் பதிவுசெய்தார். பூச்சி ஓர் ஒளிக்கற்றையைக் குறுக்கே கடக்கும்போது கேமரா தானாக இயங்கும்படி அமைத்தார். மனித விரலின் 0.2 வினாடித் தாமதத்தை முழுவதுமாக நீக்கிய முறை அது. பிறகு பறவைகளுக்கும் அந்த முறை பயன்பட்டது.

இன்றைய கேமரா அதே தாமதத்தை வேறு வழியில் வெல்கிறது. பொத்தானைப் பாதி அழுத்தி வைத்திருக்கும்போதே கேமரா படங்களை எடுத்து எடுத்துத் தற்காலிக நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பழையவற்றை அழித்தபடி இருக்கும். முழுவதும் அழுத்தியதும் அதற்கு முந்தைய படங்களையும் சேர்த்துச் சேமிக்கும். ஒலிம்பஸ் 2016இல் தன் கேமரா ஒன்றில் இந்த வசதியைத் தந்தது. 2020இல் வந்த கேனான் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே தேடிக் குவியத்தை அதில் நிறுத்தின. 2023இல் சோனி அறிவித்த கேமரா சென்சாரின் எல்லா வரிசைகளையும் ஒரே நேரத்தில் படிக்கிறது. அதற்கு முன் வந்த மின்னணு ஷட்டர்கள் வரிசை வரிசையாகப் படித்ததால், வேகமாக அடிக்கும் சிறகு படத்தில் வளைந்து தெரிந்தது. புதிய சென்சாரில் அந்தக் குறை இல்லை. வினாடிக்கு 120 படம் வரை அது எடுக்கும்.

இவ்வளவு வந்த பிறகும் கேமரா சொல்லாத சில உண்டு. எந்த மடையில் போய் உட்கார வேண்டும், எந்தப் பறவை பசியோடு இருக்கிறது, காற்று திரும்பினால் அது எந்தப் பக்கம் பார்க்கும் என்பதைக் கேமரா அறியாது. இந்தியக் காட்டுயிர் எழுத்தின் முன்னோடிகளில் ஒருவரான மா. கிருஷ்ணன் (1912–1996), தானே பாகங்களைச் சேர்த்து அமைத்துக்கொண்ட கேமராவில் கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். 1950 முதல் இறக்கும் வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் அவர் எழுதிய பத்திகளில் கவனித்ததும் எழுதியதும் படமெடுத்ததும் ஒரே வேலையாக இருந்தன. கருவியின் வேகம் எவ்வளவு கூடினாலும் அந்தக் கவனிப்பு இல்லாமல் வேட்டைப் படம் இல்லை.

ஒவ்வொரு வேட்டைக்கும் ஒரு முன்னறிகுறி

தமிழ்நாட்டின் நீர்நிலைகளிலும் வயல்வெளிகளிலும் வேட்டையாடும் பறவைகளை, அவை தரும் முன்னறிகுறியை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம்.

பஞ்சுருட்டான் எளிதில் கணிக்கக் கூடியது. மின்கம்பியிலோ பட்ட கிளையிலோ அமர்ந்து, பறக்கும் தேனீயையோ தும்பியையோ துரத்திப் பிடித்துப் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். துரத்தலைப் பின்தொடர்வது கடினம். திரும்பும் கிளையைக் குறிவைத்துக் காத்திருப்பது எளிது. திரும்பிய பிறகு நடப்பதுதான் பார்க்க வேண்டியது. பிடித்த தேனீயைக் கிளையில் அடித்து, அதன் வால்நுனியைக் கிளையில் தேய்த்து நஞ்சை வெளியேற்றுகிறது. கொடுக்குள்ள இரையா, கொடுக்கில்லாத இரையா என்பதைப் பறவை வேறுபடுத்தி அறிவதை இந்தப் படங்கள் காட்டுகின்றன.

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தி தலையை மேலும் கீழும் ஆட்டத் தொடங்கினால், அது இரையின் தொலைவை அளக்கிறது. கருப்பு வெள்ளை மீன்கொத்தி வேறு வகை. அது நடுநீரின் மேல் நின்று தேடுகிறது. சிறு மீன் என்றால் அமரும் இடம் தேடாமல் பறந்தபடியே விழுங்கிவிடும். கிளையே இல்லாத பெரிய ஏரியின் நடுவிலும் அதனால் வேட்டையாட முடிகிறது. பாய்ச்சலைப் பாதியில் நிறுத்திச் சற்றுக் கீழே மீண்டும் நின்று பார்க்கும் பழக்கமும் அதற்கு உண்டு. முதல் இறக்கத்திலேயே நினைவகத்தை நிரப்பிவிடுபவர், உண்மையான பாய்ச்சலின்போது கேமரா படங்களை எழுதி முடிக்கக் காத்திருப்பார்.

வயல்களின் மேல் நிற்கும் கருந்தோள் பருந்தும் படிப்படியாக இறங்கும். சிறகுகளை மேலே உயர்த்திக் கால்களைத் தொங்கவிட்டு அது இறங்கத் தொடங்கினால் இரையைக் குறித்துவிட்டது என்று கொள்ளலாம்.

குளிர்காலத்தில் பழவேற்காடு, கோடியக்கரை போன்ற இடங்களுக்கு வரும் விராலடிப்பான் கால்களை முன்னே நீட்டியபடி நீரில் இறங்குகிறது. அதன் வெளிவிரல் பின்னோக்கித் திரும்பக் கூடியது. இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாக மீனைப் பற்றும். பாதத்தின் அடியில் உள்ள முட்கள் வழுக்கும் மீனை நழுவவிடுவதில்லை. நீரிலிருந்து எழுந்ததும் மீனின் தலை முன்னோக்கி இருக்கும்படி திருப்பிக்கொண்டு பறக்கும். காற்றின் தடையைக் குறைக்க இது உதவுகிறது. காற்றை எதிர்த்தே அது நீர்மேல் நிற்கும், காற்றை எதிர்த்தே எழும். எனவே காற்றும் சூரியனும் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடம்பிடித்தால், பறவை வெளிச்சத்தில் நம்மைப் பார்த்தபடி எழும். காற்றும் வெயிலும் எதிரெதிர்த் திசையில் இருக்கும் நாளில் எவ்வளவு விலையுள்ள லென்ஸும் பறவையின் முதுகையோ நிழலுருவையோதான் தரும்.

பாம்புத்தாரா நீருக்குள் வேட்டையாடுகிறது. அதன் கழுத்தெலும்புகளில் எட்டாவது எலும்பருகே உள்ள வளைவு, கழுத்தை மடித்து வைத்துச் சட்டென்று நீட்ட உதவுகிறது. மீனைக் குத்தும் கணம் நமக்குத் தெரியப்போவதில்லை. எங்கே தலை நீட்டும் என்பதும் தெரியாது. மேலே வந்த பிறகு குத்திய மீனை அலகிலிருந்து விடுவித்து, மேலே எறிந்து, தலை முதலில் போகும்படி விழுங்கும். செதில்களும் துடுப்பு முட்களும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் தலைவழியாக விழுங்கினால்தான் தொண்டையில் குத்தாது. படத்துக்கு உரிய கணம் அந்த எறிதல். பறவையின் தலைக்கு மேலே சட்டகத்தில் இடம் விட்டு வைக்காதவருக்கு மீன் வெட்டுப்படும்.

எல்லாவற்றிலும் கடினமானது மஞ்சள் மூக்கு நாரை. கூந்தன்குளத்திலும் வேடந்தாங்கலிலும் பலரும் பார்க்கும் இந்தப் பறவை, இரையைப் பெரும்பாலும் கண்ணால் தேடுவதில்லை. பாதி திறந்த அலகைக் கலங்கிய நீருக்குள் விட்டு அலசியபடி நடக்கும். மீன் அலகில் பட்டதும் அலகு மூடும். அமெரிக்காவில் வாழும் அதன் நெருங்கிய உறவினரான மர நாரையின் அலகு மூடும் வேகத்தை பிலிப் கால், லியோன் பீக்காக் இருவரும் 1963இல் அளந்து வெளியிட்டார்கள். 25 மில்லி வினாடி. அதாவது 1/40 வினாடி. வினாடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவின் இரண்டு படங்களுக்கு நடுவே அலகு மூடியே முடிந்துவிடும். பறவைக்கே தெரியாமல் நேரும் தொடுகை என்பதால் எந்த முன்னறிகுறியும் கிடையாது. இங்கே கணிப்புக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. நீரை விட்டு அலகு மேலெழும் கணத்துக்குக் காத்திருப்பதே செய்யக் கூடியது.

படம் சொல்லும் சான்று

அழகுக்காக எடுத்த படமும் தரவாக மாறும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள், எண்ணிக்கையில் குறைந்துவரும் மார்ஷியல் கழுகு என்ன சாப்பிடுகிறது என்பதை அறிய, பொதுமக்கள் எடுத்து வலையில் பகிர்ந்த படங்களைத் தொகுத்து 2019இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கூட்டருகே கிடக்கும் எலும்புகளைப் பொறுக்கி எடுக்கும் பழைய முறை, கூடுகட்டிய பறவைகளின் உணவை மட்டுமே சொல்லும். இளம் பறவைகள், கூடு கட்டாத காலம், தொலைதூர இடங்கள் எல்லாவற்றிலிருந்தும் படங்கள் செய்தி கொண்டுவருகின்றன.

நம் ஏரிகளிலும் இது நடக்கலாம். மீன்கொத்தியின் அலகில் இருப்பது கெண்டையா, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க ஜிலேபியா என்பது கூர்மையான படத்தில் தெரியும். தேதியும் இடமும் சேர்ந்துவிட்டால், அந்த ஏரியின் மீன் வளம் எப்படி மாறிவருகிறது என்பதற்கு அது ஒரு சான்று.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொரு படி போய்க் கேமராவைப் பொரி வல்லூறுகளின் மேலேயே பொருத்தினார்கள். அந்தப் படங்களையும் ஜி.பி.எஸ். தடங்களையும் கொண்டு 2017இல் அவர்கள் ஒரு முடிவைச் சொன்னார்கள். இரையை நோக்கிய பார்வைக் கோடு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறதோ, அதற்கு ஏற்ற அளவில் வல்லூறு தன் பாதையையும் திருப்புகிறது. இலக்கைத் துரத்தும் ஏவுகணைகளுக்குப் பொறியாளர்கள் எழுதிவைத்த விதி இதுதான். இரையின் வேகமும் தொலைவும் தெரியாமலே இந்த ஒரு விதியைக் கொண்டு அதை மறித்துவிட முடியும்.

வேட்டை யாருடையது

படத்தின் மதிப்பு அதில் நடக்கும் வேட்டை உண்மையா என்பதைப் பொறுத்தது. மீன்கொத்தி அமரும் கொம்பை நட்டு, அதன் கீழே உயிர்மீன் நிரப்பிய தொட்டியைப் புதைத்து வைத்து எடுக்கும் படங்கள் உலகெங்கும் உண்டு. ஆந்தைக்கு முன்னால் எலியை விட்டு எடுப்பதும் உண்டு. ஒளியும் தொலைவும் பின்னணியும் எடுப்பவர் விருப்பப்படி அமைவதால் இந்தப் படங்கள் மிகக் கூர்மையாக இருக்கின்றன. ஆனால் பறவை எதைத் தேடும், எங்கே தேடும், எந்த ஆழத்தில் பாயும் என்று நாம் அறிய விரும்பிய எல்லாவற்றையும் எடுப்பவரே முன்கூட்டி முடிவு செய்துவிட்டார். அந்தப் படம் பறவையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஆய்வாளர் ஒருவர் அதைத் தொகுப்பில் சேர்த்தால் பொய்யான தரவு சேரும்.

பறவைக்கு ஏற்படும் இழப்பும் உண்மை. சிறுநீல மீன்கொத்தி ஒரு நாளில் தன் உடல் எடையில் பாதிக்கும் மேலான உணவைப் பிடித்தாக வேண்டும். அத்தனை சிறிய உடலில் சேமிப்பு மிகக் குறைவு. மறைவிடம் இல்லாமல் நெருங்கிப் போய் அதைப் பறக்கவைத்தால், அது ஒரு வேளை உணவை இழக்கிறது. விருந்தாளியாக வரும் விராலடிப்பானைப் படகில் துரத்தினால் நெடுந்தூரப் பயணத்துக்குச் சேர்த்துவைத்த ஆற்றல் வீணாகிறது.

கூட்டருகே போவது இன்னும் பெரிய தவறு. புகழ்பெற்ற பிரிட்டிஷ் பறவை ஒளிப்படக் கலைஞர் எரிக் ஹாஸ்கிங் 1937இல் வேல்ஸில் ஓர் ஆந்தைக் கூட்டருகே படமெடுக்கப் போனபோது தாய் ஆந்தை தாக்கி இடது கண்ணை இழந்தார். குஞ்சுகளைக் காக்க அந்த ஆந்தை தன்னைவிடப் பல மடங்கு பெரிய உயிரின் மீது பாய்ந்தது. கூட்டை நெருங்கும் ஒவ்வொருவரும் பறவைக்கு அவ்வளவு பெரிய அச்சத்தையே தருகிறார்கள். பாயும் வலிமையில்லாத சிறு பறவைகள் கூட்டை விட்டுப் போய்விடுகின்றன. அந்த நேரத்தில் காகமும் வல்லூறும் வந்து குஞ்சுகளைத் தூக்கிச் செல்கின்றன.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேட்டை என்பதற்கு அது தரும் வரையறையில் சுடுவதும் பிடிப்பதும் மட்டும் இல்லை. இரை வைத்து ஈர்ப்பதும், பறவைகளின் முட்டைக்கும் கூட்டுக்கும் தொந்தரவு தருவதும், அதற்கான முயற்சியும்கூட அதில் அடங்குகின்றன. கையில் கேமராவோடு கூட்டின் மறைப்பை விலக்கிக் கிளையை வெட்டுபவர் சட்டத்தின் பார்வையில் வேட்டைக்காரர்.

தவறிய பாய்ச்சல்கள்

இதழ்களிலும் கண்காட்சிகளிலும் நாம் பார்க்கும் வேட்டைப் படங்களில் பறவை எப்போதும் வெல்கிறது. மீன் அலகில் இருக்கும், எலி நகத்தில் இருக்கும். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேட்டைப் பறவை தவறாத கருவியாகத் தெரியும். உண்மை வேறு. விராலடிப்பான்களைப் பற்றிய பல ஆய்வுகளில் வெற்றி விகிதம் நான்கில் ஒன்றிலிருந்து பத்தில் ஏழு வரை வேறுபடுகிறது. சில இடங்களில், சில நாட்களில், நான்கு முறை பாய்ந்து மூன்று முறை வெறுங்காலோடு எழும் பறவை அது. நீர் கலங்கியிருந்தால், காற்று அலையெழுப்பினால், மீன் ஆழத்துக்குப் போய்விட்டால் தோல்வி கூடும். தோல்வி கூடினால் குஞ்சுகளுக்குப் போகும் உணவு குறையும். ஒரு நீர்நிலை நலமாக இருக்கிறதா என்பதற்கு வெற்றிகளைவிடத் தோல்விகள் தெளிவான விடை தருகின்றன.

அந்தத் தோல்விகளைப் பார்ப்பவர்கள் ஒளிப்படக் கலைஞர்கள். மறைவிடத்தில் மணிக்கணக்கில் கண்ணெடுக்காமல் இருப்பவர்கள் அவர்களைத் தவிர மிகச் சிலரே. ஆனால் மாலையில் கணினியின் முன் அமர்ந்ததும் மீன் இல்லாத படங்கள் எல்லாம் அழிக்கப்படுகின்றன. அறிவியல் கேட்கும் முதல் கேள்வி எத்தனை முயற்சியில் எத்தனை வெற்றி என்பது. அதற்கான பகுதி எண் அந்த அழிப்பில் போய்விடுகிறது.

வேட்டைப் பறவையைப் படமெடுக்கும் ஒவ்வொருவரும் கேமராவோடு ஒரு குறிப்பேட்டையும் வைத்திருக்க வேண்டும். எந்த ஏரி, என்ன நேரம், காற்று எந்தப் பக்கம், பறவை எத்தனை முறை பாய்ந்தது, எத்தனை முறை பிடித்தது, எத்தனை முறை பாதியில் நிறுத்தியது, என்ன மீன் என்று இவ்வளவு எழுதினாலே போதும். வெறும் அலகோடு எழுந்த பறவையின் படம் ஒன்றையாவது வெற்றிப் படத்துக்கு அருகில் சேமித்து வைக்க வேண்டும். அடுத்த பாய்ச்சலைச் சரியாகக் கணிக்க உதவுவதும் இந்தக் குறிப்புகளே. பத்து ஏரிகளில் பத்துப் பேர் ஐந்து ஆண்டுகள் இதைச் செய்தால், தமிழ்நாட்டின் நீர்நிலைகளில் இரை எங்கே குறைகிறது என்பதைச் சொல்லும் ஆவணம் நம்மிடம் உருவாகிவிடும். அதை உருவாக்கத் தேவையான கேமராக்களும் பொறுமையும் இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கின்றன.